தூக்கத்துக்கு சி.பி.என். சொட்டு: கணவருக்குக் கொடுக்கலாமா?

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். ஊரும் பேரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அவற்றை விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

அவருக்கு வயது 46. கடற்பாசி எடுக்கப் போகிறவர். கணவருக்கு 52. இருபது வருடத்துக்கு மேலாக விசைப்படகு டிரைவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனதில் ஏழு வாரம் அங்கே சிறையில் இருந்தார். மறுபடி பிடிபட்டால் தண்டனை உறுதி என்ற நிபந்தனையோடு விட்டிருக்கிறார்கள். படகு திரும்பி வரவில்லை. இப்போது வேறொருவர் படகை ஓட்டுகிறார். வந்த நாளிலிருந்து தூக்கம் சரியில்லை. கண்ணசந்து ஒரு மணி நேரத்தில் பதறி எழுகிறார். "லைட் அடிக்கிறான்" என்று சொல்லிக்கொண்டு வாசலில் போய் நிற்கிறார். பழைய குறட்டை இப்போது இரண்டு மடங்கு. பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை எடுக்கிறார். அதோடு பதற்றத்தைத் தணித்துத் தூக்கம் வரவைக்கும் அல்பிரசோலம் மாத்திரை 0.5 மில்லிகிராம், மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் வாங்கி, ஒரு வருடமாக தினமும். கடலுக்குப் போகாத இரவுகளில் சில நாள் ஒரு குவார்ட்டரும் உண்டு.

சகோதரியின் தங்கை மகன் கப்பலில் வேலை பார்க்கிறார். அமெரிக்கத் துறைமுகம் ஒன்றில் இறங்கியபோது வாங்கியதாக ஒரு சின்ன பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். உள்ளே சி.பி.என். என்ற பொருள் கலந்த எண்ணெய். "பெரியப்பாவுக்கு ராத்திரி நாக்குக்கு அடியில விடுங்க பெரியம்மா. இது கஞ்சா இல்ல, போதை கிடையாது, அங்க கடையிலேயே விக்கிறான்" என்று சொல்லியிருக்கிறார். அவரும் கப்பலில் அதைத்தான் போட்டுக்கொண்டு தூங்குகிறாராம். சகோதரி கேட்பவை நான்கு. கொடுக்கலாமா? கொடுத்தால் அல்பிரசோலத்தை நிறுத்திவிடலாமா? போலீஸ் தொல்லை வருமா? கஞ்சாவைப் பழசாக்கி வைத்தாலும் இதே மருந்துதான் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது உண்மையா?

சகோதரி, பாட்டிலை இன்னும் திறக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியே இருக்கட்டும். உங்கள் கணவருக்கு அது வேண்டாம் என்பதுதான் என் பதில். மற்றதைப் படிக்கும் முன் இன்னொன்றையும் மனதில் போட்டுக்கொள்ளுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் அந்தப் பாட்டில் படகில் ஏறக் கூடாது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

சி.பி.என். என்றால் என்ன

முழுப் பெயர் கன்னாபினால். கஞ்சாச் செடியில் கன்னாபினாய்டு எனப்படும் வேதிப்பொருள்கள் நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. போதை தருவது டி.எச்.சி. சில அபூர்வ வலிப்பு நோய்களுக்கு மருந்தாக நிரூபணமானது சி.பி.டி. இந்த இரண்டின் பெயரும் பலருக்குத் தெரியும். சி.பி.என். அவ்வளவு பேசப்படாதது. ஆனால் இவற்றில் முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்டதே அதுதான். 1896-ல் கேம்பிரிட்ஜில் மூன்று வேதியியலாளர்கள் இந்தியக் கஞ்சாப் பிசினான சரஸைக் காய்ச்சி வடித்து அதைப் பிரித்தார்கள். கஞ்சாவின் போதைக்குக் காரணம் இதுதான் என்று நெடுநாள் நம்பினார்கள். 1964-ல் டி.எச்.சி.யை இனம் கண்ட பிறகுதான் உண்மை தெளிவாயிற்று.

செடி சி.பி.என்.னை நேரடியாக உண்டாக்குவது மிகக் குறைவு. டி.எச்.சி. நாள்பட்டுக் காற்றும் வெளிச்சமும் சூடும் பட்டு மாறும்போது வருவது அது. தேங்காய் எண்ணெய் கிடந்து கிடந்து காறிப்போகிறதல்லவா, அதுபோன்ற ஒரு மாற்றம். கடைக்கு வரும் சொட்டு மருந்துகளில் உள்ளதைப் பெரும்பாலும் சி.பி.டி.யிலிருந்தோ டி.எச்.சி.யிலிருந்தோ ஆய்வுக்கூடத்தில் மாற்றித் தயாரிக்கிறார்கள். ஆகவே 'கஞ்சா இல்லை' என்று உங்கள் தங்கை மகன் சொன்னது சரியில்லை. அது கஞ்சாவின் வழிவந்த பொருள்தான். 'போதை கிடையாது' என்பதும் பாதி உண்மை. டி.எச்.சி. மூளையில் போய் ஒட்டும் அதே இடத்தில் சி.பி.என்.னும் ஒட்டுகிறது, பிடிமானம் மட்டும் பல மடங்கு குறைவு.

பக்கத்து வீட்டுக்காரர் பேச்சு இங்கேதான் ஆபத்தாகிறது. பழைய கஞ்சாவில் சி.பி.என். கூடும் என்ற அளவில் அவர் கேள்விப்பட்டது சரி. ஆனால் டி.எச்.சி. எங்கேயும் போய்விடாது. சாதாரண அறை வெப்பத்தில் நான்கு வருடம் வைத்திருந்த கஞ்சாவிலும் டி.எச்.சி. பாதிக்கு மேல் அப்படியே இருந்ததை ஆய்வில் அளந்திருக்கிறார்கள். நம் கடற்கரை ஈரத்தில் அது பூஞ்சையும் பிடிக்கும். நெஞ்சு பதறி எழுந்து வாசலில் நிற்கிற மனிதருக்கு டி.எச்.சி. போனால் இதயத் துடிப்பு ஏறும், சந்தேகமும் பயமும் கூடும். பிரஷரும் சர்க்கரையும் உள்ள 52 வயதுக்காரரின் இதயத்துக்கு அது சுமை. அந்த யோசனையை இன்றோடு விட்டுவிடச் சொல்லுங்கள்.

தூக்கம் தருமா

இந்தப் பேர் அதற்கு எப்படி வந்தது என்று பார்த்தால் விஷயம் புரியும். பழைய கஞ்சா புகைத்தால் தூக்கமாக வருகிறது, பழைய கஞ்சாவில் சி.பி.என். அதிகம், அப்படியானால் தூக்கம் தருவது சி.பி.என்.தான் என்று கணக்குப் போட்டார்கள். 1975-ல் ஐந்து ஆண்களுக்கு 50 மில்லிகிராம் சி.பி.என். தனியாகக் கொடுத்துப் பார்த்தபோது தூக்கக் கலக்கம் வரவில்லை. டி.எச்.சி.யோடு சேர்த்துக் கொடுத்தபோதுதான் மயக்கமும் தலைசுற்றலும் கூடின.

அதன் பிறகு நெடுங்காலம் யாரும் பெரிதாகத் திரும்பிப் பார்க்கவில்லை. 2023-ல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், தூக்கம் சரியில்லை என்று சொன்ன முந்நூறு பேருக்கு அருகில் ஏழு இரவு சோதித்தார்கள். 20 மில்லிகிராம் சி.பி.என். எடுத்தவர்கள் வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட நடுவில் விழித்தது சற்றுக் குறைவு. படுத்ததும் சீக்கிரம் தூக்கம் பிடித்ததா என்றால் இல்லை. கூட சி.பி.டி. சேர்த்ததாலும் பலன் கூடவில்லை. 2024-ல் சிட்னி பல்கலைக்கழகத்தார் எலிகளில் பார்த்தபோது தூக்க நேரம் கூடியது. எனவே இதில் ஒன்றுமே இல்லை என்று நான் தள்ளிவிடமாட்டேன். மருந்தாகக் கூடிய ஒரு விதை இருக்கிறது. ஆனால் ஏழு இரவு பார்த்த ஆய்வை வைத்து, தினமும் அல்பிரசோலம் போடுகிற, குடியும் உள்ள, மூச்சுத் திணறிக் குறட்டை விடுகிற ஒருவருக்கு நான் எழுதிக் கொடுக்க முடியாது. இவரைப் போன்றவர்களை அந்த மாதிரி ஆய்வில் சேர்த்துக்கொள்வதே அபூர்வம்.

தூக்கம் தவிர வேறு வழிகளிலும் இதைப் பார்க்கிறார்கள். லேசாக உரசினாலும் தோல் கொப்புளித்து உரிகிற ஒரு பரம்பரை நோய்க்கு சி.பி.என். களிம்பைச் சோதித்திருக்கிறார்கள். மருந்துக்கு அடங்காத ஒருவகைக் கிருமியை ஆய்வுக்கூடத் தட்டில் அது தடுத்தது என்று 2008-ல் ஓர் ஆய்வு வந்தது. எலிகளில் பசியைத் தூண்டியதாக 2012-ல் இன்னொன்று. இவற்றில் எதுவும் உங்கள் வீட்டுப் பிரச்சினைக்கு உதவாது என்பதால் இதோடு விடுகிறேன்.

லேபிளில் உள்ள சிறிய எழுத்து

லேபிளில் இருந்ததை வரி விடாமல் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். நிறைய பேர் செய்யாத வேலை. 30 மில்லி. ஒரு டிராப்பர், அதாவது ஒரு மில்லியில், சி.பி.என். 10 மில்லிகிராம், சி.பி.டி. 20 மில்லிகிராம். கீழே பொடி எழுத்தில் 'டி.எச்.சி. 0.3 சதவீதத்துக்கு உள்ளே'. இந்தக் கடைசி வரியைத்தான் எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 மில்லி எண்ணெயை ஏறக்குறைய 30 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அதில் 0.3 சதவீதம் என்றால் 90 மில்லிகிராம் டி.எச்.சி. வரைக்கும் இருக்கலாம். ஒரு டிராப்பருக்கு 3 மில்லிகிராம். 2018-ல் அமெரிக்கா கொண்டுவந்த வேளாண் சட்டம், டி.எச்.சி. 0.3 சதவீதத்தைத் தாண்டாத செடியை 'ஹெம்ப்' என்று சொல்லி விற்க விட்டது. அந்த எண்ணின் கதை இதுதான். சொற்பம் என்றுதான் தோன்றும். தினமும் போட்டால் டி.எச்.சி. உடம்பின் கொழுப்பில் தங்கிச் சேரும்.

இது உங்கள் தங்கை மகனுக்கு நேரடியாகப் பொருந்துகிறது. கப்பல் வேலையில் ஏறும் முன்பும், ஓடும்போது எதிர்பாராத நாளிலும் சிறுநீர்ச் சோதனை உண்டு. முதலில் செய்யும் பட்டைச் சோதனையில் சி.பி.என்.னே கஞ்சா என்று காட்டிவிடக்கூடும். அடுத்துச் செய்யும் உறுதிச் சோதனையில், எண்ணெயில் இருந்த டி.எச்.சி.யின் எச்சம் தெரியலாம். 'தூக்கச் சொட்டுதான் போட்டேன்' என்பதை எந்தக் கம்பெனியும் காது கொடுத்துக் கேட்காது. ஒப்பந்தம் போகும், அடுத்த கப்பலும் கிடைக்காது. அந்தப் பிள்ளையின் சம்பளத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். இன்றைக்கே போன் போட்டுச் சொல்லுங்கள். கோபமாகச் சொல்ல வேண்டாம், பாசத்தில் செய்த காரியம்தானே அது.

சட்டம் என்ன சொல்கிறது

நான் மருத்துவர். சட்டத்தில் எனக்குத் தெரிந்த அளவைச் சொல்கிறேன். மேற்கொண்டு தெரிய வேண்டுமானால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

அங்கே கடையில் விற்கிறது என்பதால் இங்கே குற்றமில்லை என்று ஆகிவிடாது. நம் நாட்டில் நடப்பது 1985-ம் வருடத்துப் போதைப்பொருள் தடுப்புச் சட்டம், என்.டி.பி.எஸ். என்று சொல்வார்களே அது. கஞ்சாப் பூ, பிசின், பிசினிலிருந்து எடுத்த எண்ணெய், இவை கலந்த எந்தக் கலவையும் அதற்குள் வரும். 0.3 சதவீதம் வரை பரவாயில்லை என்ற கோடு அதில் இல்லை. வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவது தனிக் குற்றம். 2020-ல் ஹிரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, கலவை என்றால் உள்ளே இருக்கிற போதைப்பொருளின் எடையை மட்டும் பார்க்க மாட்டார்கள், மொத்த எடையையும் எடுத்துக்கொள்வார்கள். உங்கள் பாட்டிலில் 90 மில்லிகிராம்தானே என்று வாதாட முடியாது, 30 கிராம் என்றுதான் கணக்கு. சிறிய அளவுக்கே ஒரு வருடம் வரை கடுங்காவல் அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அளவு கூடினால் தண்டனை வேறு மாதிரி.

2020 டிசம்பரில் ஐ.நா.வில் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து நீக்க நடந்த வாக்கெடுப்பில் இந்தியாவும் ஆதரித்தது உண்மை. அதை வைத்து 'இங்கேயும் விட்டுவிட்டார்கள்' என்று சிலர் பேசுகிறார்கள். நம் சட்டம் அதனால் மாறவில்லை. இணையத்தில் 'விஜயா' என்ற பெயரில் ஆயுர்வேத எண்ணெய்கள் வருகின்றன. அவை கஞ்சா இலையிலிருந்து எடுப்பவை, உரிமத்தோடு விற்பவை, மருத்துவர் மேற்பார்வையில்தான் எடுக்க வேண்டும். உங்கள் கணவருக்கு நான் சொல்லும் மருத்துவ எச்சரிக்கை அவற்றுக்கும் பொருந்தும்.

இனி, படகில் ஏறக் கூடாது என்று சொன்னதற்கு வருகிறேன். நம் கடற்கரை வழியாக இலங்கைக்குக் கஞ்சா கடத்துகிறார்கள் என்பதால் இங்கே கண்காணிப்பு எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடலோரக் காவல்படை, மரைன் போலீஸ், சுங்கத்துறை என்று மாறி மாறிச் சோதனை. அந்தப் படகில் இந்தப் பாட்டில் கிடைத்தால் சிக்குவது அவர் ஒருவர் மட்டும் இல்லை. போதைப்பொருள் இருந்த வாகனத்தையே பறிமுதல் செய்யச் சட்டம் இடம் கொடுக்கிறது. தனக்குத் தெரியாது என்பதை உரிமையாளர்தான் நிரூபிக்க வேண்டும். அடுத்தவர் படகு அது. அதைவிட, இவர் மேல் ஏற்கெனவே அங்கே ஒரு நிபந்தனை இருக்கிறது. காற்றிலோ நீரோட்டத்திலோ மறுபடி அந்தப் பக்கம் போய் மாட்டி, பையில் கஞ்சா எண்ணெயும் இருந்தால், மீன்பிடி வழக்கு போதைப்பொருள் வழக்காக மாறிவிடும். மீனவர் சங்கமும் அரசும் பேசி மீட்கிற வழியெல்லாம் அப்போது அடைபடும்.

வீட்டிலும் அதை வைத்திருக்க வேண்டாம். பேரப்பிள்ளை தவழ்கிற வீடு என்று எழுதியிருக்கிறீர்கள். பிள்ளைகள் வாயில் போட்டால் மயங்கிக் கிடப்பார்கள். வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள். கொடுப்பதும் குற்றம்தான். மண்ணில் கொட்டிக் கலந்து, யார் கையும் படாதபடி அப்புறப்படுத்திவிடுங்கள்.

அல்பிரசோலத்தை நிறுத்திவிட்டு இதைக் கொடுக்கலாமா

உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தந்தது இந்தக் கேள்விதான். ஒரு வருடமாகத் தினமும் போட்ட அல்பிரசோலத்தை ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரலாம். கைகால் நடுக்கம், வியர்வை, இன்னும் மோசமான தூக்கமின்மை வரலாம். இதெல்லாம் கரையில் வந்தாலே கஷ்டம், நடுக்கடலில் வந்தால் உயிர் போகும். சி.பி.என். சொட்டு அந்த இடத்தை நிரப்பாது. இரண்டையும் சேர்த்துப் போட்டால் மயக்கம் கூடும். அந்த எண்ணெயில் இருக்கிற சி.பி.டி. வேறு, கல்லீரலில் பல மருந்துகள் உடைபடும் வேகத்தைக் குறைக்கக்கூடியது. மாத்திரை உடம்பில் வழக்கத்தைவிட அதிக நேரம் தங்கும்.

மாத்திரையோடு குடியும் சேர்கிற இரவு அதைவிட ஆபத்து. மூச்சை அடக்கும் இரண்டு பொருள்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன. குவார்ட்டர் போட்ட இரவில் மாத்திரை வேண்டாம் என்பதைவிட, மாத்திரை போடுகிற காலம் முழுக்கக் குடியே வேண்டாம் என்பதுதான் சரி. தினமும் குடிக்கிற பழக்கம் இருந்தால் அதையும் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள், அதை நிறுத்துவதற்கும் ஒரு முறை இருக்கிறது.

அல்பிரசோலம் மருத்துவர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத மருந்து, எச்1 பட்டியலில் உள்ளது. கடைக்காரர் எழுதி வைத்துக்கொண்டுதான் விற்க வேண்டும். ஆனால் இவ்வளவு நாள் எப்படி வாங்கினார் என்பதற்காக மருத்துவர் யாரும் அவரைத் திட்ட மாட்டார். கூசாமல் அளவைச் சொன்னால் போதும், வாரக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வருவார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அவர் கரையில் இருக்கிற அந்த நாட்கள் இதற்கு நல்ல வாய்ப்பு.

இன்னொன்றையும் யோசியுங்கள். அவர் டிரைவர். ராத்திரி ஸ்டியரிங் பிடித்து, எல்லைக்குப் பக்கத்தில், ஜி.பி.எஸ். பார்த்துக்கொண்டு இருக்கிறவர். தூக்க மருந்தின் மப்பு மறுநாளும் இருக்கும். எந்த இடத்துக்குப் போய்விடுவோமோ என்று பயந்து விழிக்கிறாரோ, அந்தக் கலக்கத்தில் அங்கேயே போய்ச் சேர்கிற ஆபத்து இருக்கிறது. சி.பி.என். ஆனாலும் வேறெது ஆனாலும் இது பொருந்தும்.

அவர் ஏன் விழிக்கிறார்

எந்தச் சொட்டு, எத்தனை சொட்டு என்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இது. உங்கள் கடிதத்திலேயே மூன்று காரணம் தெரிகிறது.

முதல் காரணம் மூச்சு. பலத்த குறட்டை, திடீரென்று அமைதி, பிறகு திணறலோடு ஒரு பெரிய மூச்சு. இப்படி இருந்தால் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வருகிறது என்று பொருள். பத்து வினாடிக்கு மேல் நின்றால் கணக்கில் சேர்ப்போம். ஒரே மணி நேரத்தில் பல தடவை அப்படி நிற்பவர்கள் உண்டு. ஒவ்வொரு தடவையும் மூளை உலுக்கி எழுப்பும், பிரஷர் ஏறும். அல்பிரசோலமும் சாராயமும் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தி இதை மோசமாக்குகின்றன. கடலுக்குப் போகாத ஒரு இரவு, அவர் குறட்டை விடும்போது போனில் பத்து நிமிடம் வீடியோ எடுங்கள். முகம் தெரிய வேண்டாம், நெஞ்சும் சத்தமும் போதும். கழுத்துச் சுற்றளவை டெய்லர் டேப் வைத்து அளந்து எழுதுங்கள். 40 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். தூங்கும்போது செய்யும் ஒரு சோதனையில் இது உறுதியாகத் தெரியும். காற்றழுத்தம் தரும் முகமூடிக் கருவி, எடை குறைப்பு, ஒருக்களித்துப் படுப்பது என்று சிகிச்சை இருக்கிறது. இது சரியானாலே பிரஷர் அடங்குகிறவர்கள் உண்டு.

இரண்டாவது, அந்த ஏழு வாரம். 'லைட் அடிக்கிறான்' என்று அவர் சொல்வது உளறல் இல்லை. கடற்படைக் கப்பலின் தேடும் விளக்கு முகத்தில் அடித்த அந்த இரவு இன்னும் அவருக்கு முடியவில்லை. பெரிய பயத்தைக் கடந்தவர்களின் மூளை காவல்காரன் மாதிரி விழித்தே இருக்கும். பேச்சு வழியில் இதற்குச் சிகிச்சை இருக்கிறது. செர்ட்ராலின் போன்ற, அடிமையாக்காத மாத்திரைகளும் இருக்கின்றன. அவர் வாசலில் போய் நிற்கும்போது கையைப் பிடித்து உள்ளே இழுக்காதீர்கள். வீட்டு விளக்கைப் போடுங்கள். பக்கத்தில் நின்று அவர் பெயரைச் சொல்லி, "இது நம்ம வீடு. நான் நிக்கிறேன். காலுக்குக் கீழ மண்ணு இருக்கு பாருங்க" என்று மெதுவாகச் சொல்லுங்கள். தண்ணீர் கொடுங்கள், குளிர்ந்த டம்ளரை அவரே கையில் பிடிக்கட்டும். காலையில் அதைப் பற்றி விசாரணை வேண்டாம், அவராகச் சொன்னால் கேளுங்கள்.

மூன்றாவது வேலை நேரம். வாரத்தில் மூன்று நாள் கடலுக்குப் போக டோக்கன், இரவெல்லாம் கடலில், காலையில் கரை. மற்ற இரவுகளில் வீட்டில். உடம்புக்குள் ஓடும் கடிகாரம் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் தவிக்கும். கரையில் படுத்தால் எஞ்சின் சத்தம் இல்லாமல் தூக்கம் பிடிக்கவில்லை என்று சொன்ன மீனவர்களைப் பார்த்திருக்கிறேன். கடலிலிருந்து வந்ததும் ஜன்னலை மூடி மூன்று, நான்கு மணி நேரம் தூங்கட்டும், மாலை வரை நீட்ட வேண்டாம். நீட்டினால் இரவுத் தூக்கம் போகும். கரையில் இருக்கிற நாட்களில் எப்போது படுத்தாலும் எழுகிற நேரம் ஒன்றாக இருக்கட்டும். மதியம் இரண்டு மணிக்கு மேல் டீ வேண்டாம். தூக்கம் வராமல் இருபது நிமிடம் புரண்டால் எழுந்து திண்ணையில் உட்காரட்டும், கண் சொக்கும்போது மறுபடி படுக்கட்டும். இதை முறையாகச் செய்வதற்குப் பெயர் தூக்கத்துக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் இதைத்தான் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-லேயே பரிந்துரைத்தது. ஆரம்பத்தில் ஒன்றிரண்டு வாரம் இன்னும் சோர்வாகத் தெரியும். அந்த நாட்களில் ஸ்டியரிங்கை வேறொருவர் பிடித்தால் நல்லது.

எங்கே போவது

மனநல மருத்துவர் என்றதும் மாமியார் ஏர்வாடி என்று சொல்லி அழுததாக எழுதியிருக்கிறீர்கள். அவர் பயம் எனக்குப் புரிகிறது. 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி ஏர்வாடியில் சங்கிலியோடு கட்டிப்போட்டிருந்த 28 பேர் தீயில் இறந்ததைக் கேட்ட தலைமுறை அது. அந்தத் துயரத்துக்குப் பிறகு சட்டமும் மாறியது, பார்க்கிற முறையும் மாறியது. மன உளைச்சலுக்கு டாக்டரைப் பார்ப்பதும் சர்க்கரைக்குப் பார்ப்பதும் இன்றைக்கு ஒரே வரிசையில்தான். மாமியார் தர்காவுக்குப் போய் வேண்டிக்கொள்ளட்டும், அதைத் தடுக்காதீர்கள். மருந்தும் கூடவே நடக்கட்டும்.

ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பொது மருத்துவம், மனநலம் இரண்டையும் பார்த்துவிடலாம். அதற்கு முன்னால் யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் டெலி மானஸ் 14416. இலவசம், தமிழில் பேசலாம், நடு இரவிலும் எடுப்பார்கள். அவருக்காக மட்டும் சொல்லவில்லை. ராத்திரி அவரோடு விழித்து, விடிந்ததும் பாசிக்குக் கடலில் இறங்குகிறவர் நீங்கள். உங்களுக்கும் அந்த எண் உதவும். சாகிற பேச்சு பேசினாலோ, கூப்பிட்டும் எழும்பாமல் மயங்கிக் கிடந்தாலோ காத்திருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் காலியானது உட்பட ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். அந்த வீடியோ, கழுத்து அளவு, ஒரு வாரம் எத்தனை மணிக்குப் படுத்து எழுந்தார் என்று குறித்த தாள். சொட்டு மருந்து விஷயத்தையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

"எனக்கென்ன பைத்தியமா" என்று அவர் வர மறுக்கலாம். கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்து, குறட்டைக்குக் காட்டத்தான் போகிறோம் என்று கூப்பிடுங்கள். அது பொய்யும் இல்லை. குறட்டைக்கு டாக்டரிடம் போக நம் ஊர் ஆண்கள் அவ்வளவாக வெட்கப்படுவதில்லை. உள்ளே போய் உட்கார்ந்த பிறகு, ராத்திரி லைட் அடிக்கிற கதையை அவரே சொல்ல ஆரம்பிப்பார்.